பாதி வரியைப் பாட்டி பாட, மீதியை வயல் பாடும்

பிலிப்பைன்சின் லூசோன் தீவில் இஃபுகாவோ என்ற மலைநாடு இருக்கிறது. அங்கே மலைச்சரிவைப் படிபடியாக வெட்டி வயலாக்கி நெல் பயிரிடுகிறார்கள். பழைய நெல் ரகங்களைத் தினாவோன் என்பார்கள். வருடத்துக்கு ஒரே போகம் என்று பொருள். அந்த நெல்லை அறுக்கும்போது பெண்கள் வரிசையாக நின்று பாடும் காவியம்தான் ஹுட்ஹுட். 200க்கும் மேற்பட்ட பாட்டுகள், ஒவ்வொன்றிலும் 40 பகுதிகள் என்று யுனெஸ்கோ கணக்குச் சொல்கிறது. ஒரு பாட்டை முழுதாகப் பாடி முடிக்கச் சில நாட்கள்கூட ஆகும். அத்தனைக்கும் மெட்டு ஒன்றே ஒன்றுதான். எழுத்து எதுவும் இல்லாமல் தலைமுறை தலைமுறையாக வந்த பாட்டு இது.

இவ்வளவு பெரியதை ஒரு மனிதர் எப்படித் தலைக்குள் வைத்திருக்க முடியும்? பாடுகிறவருக்கு அபார ஞாபகசக்தி, மனப்பாடம் செய்திருப்பார் என்றுதான் பெரும்பாலானவர்கள் சொல்வார்கள். நானும் வெகுகாலம் அப்படித்தான் நினைத்திருந்தேன். உண்மையில் அங்கே நடப்பது வேறு, மனப்பாடத்தைவிட அழகான ஒன்று.

இந்த முடிச்சை அவிழ்க்கத் தொடங்கியவர் மில்மன் பாரி என்ற அமெரிக்கர். ஹோமரின் பழைய கிரேக்கக் காவியமான இலியத்தைப் படித்தபோது அவருக்கு ஒரு விஷயம் உறுத்தியது. அதன் நாயகன் அக்கிலீஸ் ஓரிடத்தில் 'விரைந்த காலுடைய அக்கிலீஸ்', இன்னோரிடத்தில் 'தெய்வத்தன்மை கொண்ட அக்கிலீஸ்'. அவன் சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் விரைந்த காலுடையவன்தான்! அந்த இடத்தில் கதைக்கு எந்த அடைமொழி பொருந்தும் என்பதைவிட, வரியில் இன்னும் எத்தனை அசை மிச்சம் இருக்கிறது என்பதே அடைமொழியைத் தீர்மானிக்கிறது என்று பாரி 1928இல் பாரிசில் அளித்த ஆய்வில் காட்டினார். கொத்தனார் கையருகே பல அளவில் செங்கல் வைத்திருப்பதுபோல, பாடகர் ஒவ்வொரு நீளத்துக்கும் ஒரு தொடரைத் தயாராக வைத்திருக்கிறார். இடைவெளி எவ்வளவோ, அந்த அளவுக்கு ஒன்றை எடுத்துப் பதிக்கிறார்.

ஏட்டில் கண்டதை உயிரோடு பாடும் மனிதர்களிடம் சோதித்துப் பார்க்க வேண்டாமா? 1933 முதல் 1935 வரை பாரி யுகோஸ்லாவியாவில் ஊர் ஊராகப் போய்ப் பதிவு செய்தார். அலுமினியத் தட்டில் ஒரு பக்கம் சில நிமிடங்களில் நிறைந்துவிடும் என்பதால், இரண்டு சுழல்தட்டுகளை மாற்றி மாற்றி ஓடவிட்டார். அப்போது அவருக்குக் கிடைத்தவர் அவ்தோ மெஜெதோவிச், எழுதப் படிக்கத் தெரியாத ஒரு கசாப்புக்கடைக்காரர். அவர் 12,000 வரிகளுக்கு மேல் ஒரே காவியத்தைச் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டார்கள். அதைவிட எனக்கு வியப்பூட்டுவது ஒரு சோதனை. அவ்தோ முன்பு கேட்டே இராத ஒரு பாட்டை வேறொரு பாடகரைப் பாடவைத்தார் பாரி. அது 2,294 வரி. பாடி முடித்ததும், இப்போது நீங்கள் பாட முடியுமா என்று அவ்தோவிடம் கேட்டார். அவ்தோ பாடினார். 6,313 வரி வந்தது! கதை அதேதான். ஆனால் உடை, குதிரை, பயணம், மனிதர்களின் மனநிலை எல்லாம் விரிந்திருந்தன.

மனப்பாடம் என்றால் இது நடக்கவே நடக்காது. கேட்டதைப்போல் கிட்டத்தட்ட மூன்று மடங்கு நீளமாக யாரால் ஒப்பிக்க முடியும்? அவ்தோ எடுத்துக்கொண்டது கதையின் எலும்புக்கூட்டை. அப்புறம் அரசவை கூடுவது, வீரன் ஆயுதம் பூணுவது, கல்யாண ஊர்வலம் போவது என்று எல்லாக் கதைக்கும் பொதுவான காட்சிகள் அவரிடம் ஏற்கெனவே இருந்தன. அவற்றைச் சொல்ல, பத்து அசை வரிக்குள் சரியாக அடங்கும் தொடர்களும் இருந்தன. ஒவ்வொரு முறையும் காவியத்தைப் புதிதாகக் கட்டுகிறார். இதில் வியப்பு என்னவென்றால், நான் கேட்டபடியே சொல்லுக்குச் சொல் பாடுகிறேன் என்று அந்த ஊர்ப் பாடகர்கள் உறுதியாகச் சொன்னார்கள். அதே பாடகரைப் பல வருடம் கழித்து மறுபடி பதிவு செய்தால் வரிகள் மாறியிருந்தன. அவர்கள் பொய் சொல்லவில்லை. தாளில் பிரித்து அச்சிட்டுப் பார்க்கிற நமக்குத்தான் சொல் என்பது தனித்தனித் துண்டு. அவர்களுக்குக் கதை மாறாதவரை பாட்டும் மாறவில்லை. பாரி 33 வயதில் இறந்துபோனார். அவருடைய மாணவர் ஆல்பர்ட் லார்ட் இதையெல்லாம் 1960இல் நூலாக்கினார்.

சரி, பாடும் வேகத்திலேயே சரியான சொல் எப்படி நாவில் வந்து விழுகிறது? டேவிட் ரூபின் என்ற உளவியல் அறிஞர் இதை ஆராய்ந்தார். ஒரு நினைவுக்குறிப்பு தனியாக இருந்தால் பலம் குறைவு, இரண்டு சேர்ந்தால் பலம் பல மடங்கு என்பது அவர் கண்டது. நம் மொழியிலேயே பார்க்கலாம். குழந்தை உறங்கும் இடம் எது என்று கேட்டால் தூளி, ஏணை, மடி, பாய் என்று பல பதில் வரும். 'கட்டில்' என்பதற்கு எதுகை சொல் என்றால் வட்டில், முட்டி, பட்டியல் என்று எங்கெங்கோ போகும். இரண்டையும் சேர்த்துக் கேளுங்கள்: குழந்தை உறங்குவது, கட்டிலுக்கு எதுகை. தொட்டில்! வேறு வழியே இல்லை. காவியத்தில் பொருள், ஒலி, தாளம், மெட்டு எல்லாம் ஒரே நேரத்தில் ஒரு சொல்லைச் சுற்றி வளைக்கின்றன. யாப்பு பாடகருக்குச் சுமை என்று நினைக்கிறோம். அவரைத் தூக்கி நடத்துவதே அதுதான்.

இந்த வெளிச்சத்தில் சங்கப் பாடல்களைப் பார்த்தவர் இலங்கைத் தமிழறிஞர் க. கைலாசபதி. பாணர் வாய்மொழி மரபின் தொடர்களும் காட்சிகளும் அவற்றில் இருப்பதாக 1968இல் வெளிவந்த ஆங்கில நூலில் வாதிட்டார். இல்லை, அந்தப் பாணர் பாட்டைப் பின்பற்றிப் புலவர்கள் எழுதியவை என்று அமெரிக்கத் தமிழறிஞர் ஜார்ஜ் ஹார்ட் மறுத்தார். அது தனியாகப் பேச வேண்டிய பெரிய விவாதம்.

இஃபுகாவோ வயலுக்குத் திரும்புவோம். யுகோஸ்லாவியப் பாடகர் தனி ஆள், கையில் ஒற்றைத் தந்தி வாத்தியம். ஹுட்ஹுட் அப்படியல்ல. முன்னின்று பாடுபவரை முன்ஹாவே என்பார்கள். பெரும்பாலும் வயதான பெண்மணி. அவர் வரியின் தொடக்கத்தை மட்டும் எடுத்துக் கொடுப்பார். அது எங்கே போகிறது என்று புரிந்ததும் மற்ற பெண்கள் சேர்ந்து முடித்துவைப்பார்கள். அவர்கள் பாடுவது 'அம்தலாவின் மகன் அலிகுயோன்', 'ஹன்னங்கா ஊரின் நடுவே' என்பது போன்ற நிலைத்த தொடர்கள். ஆள் பெயர், அப்பன் பெயர், ஊர்ப் பெயர்.

இந்த ஏற்பாட்டின் நுட்பத்தைப் பாருங்கள். குழு பாடும் அந்தச் சில நொடிகளில் முன்ஹாவே மூச்சு வாங்குகிறார், அடுத்த வரியை யோசிக்கிறார். அவ்தோ தன் தலைக்குள்ளேயே செய்த இரண்டு வேலைகள் இங்கே இரண்டு தரப்புக்குப் பிரிந்திருக்கின்றன. மாறுவது ஒருத்தியிடம், மாறாதது எல்லாரிடமும். அலிகுயோனும் எதிரி ஊரின் பும்பாக்கயோனும் மூன்று வருடம் சண்டையிட்டு, யாரும் தோற்காமல், கடைசியில் ஒருவர் தங்கையை மற்றவர் மணந்து நண்பர்களாகும் கதையை, வயலில் நிற்கும் அத்தனை பேரும் சேர்ந்தே நினைவில் வைத்திருக்கிறார்கள்.

அதே நாட்டில் இதற்கு நேர் எதிரான ஏற்பாடும் உண்டு. பனாய் தீவின் மலைவாழ் மக்களிடையே பினுகோட் என்ற வழக்கம் இருந்தது. தேர்ந்தெடுத்த பெண் குழந்தையை வெயில் படாமல் வீட்டுக்குள்ளேயே வளர்த்து, காவியங்களைக் கற்றுக் கொடுப்பார்கள். ஹினிலாவோட் முதலிய காவியங்கள் இப்படித்தான் காப்பாற்றப்பட்டன. பேச்சில் வழங்காத பழஞ்சொற்கள் நிறைந்த அந்தக் கவிதைக்கு முழுநேரப் படிப்பு தேவைப்பட்டது என்பது புரிகிறது. ஆனாலும் ஒரு சிறுமியின் வெளியுலகத்தையே அடைத்துத்தான் ஒரு காவியம் வாழ்ந்தது என்பதை என்னால் எளிதாகக் கடந்துபோக முடியவில்லை. எழுத்தின் துணை பெற்ற காவியமும் அந்நாட்டில் உண்டு. மிண்டனாவோ தீவில் மரனாவோ மக்களின் தரங்கேன், 17 பகுதிகளில் 72,000 வரி, திருமண இரவுகளில் பாடப்படுவது. அதற்கு அரபு எழுத்தில் எழுதிய கையேடுகளும் இருக்கின்றன.

ஹுட்ஹுட்டை யுனெஸ்கோ 2001இல் மனிதகுலத்தின் வாய்மொழிச் செல்வமாக அறிவித்தது. ஆனால் கையால் அறுப்பது குறைந்து இயந்திரம் வந்துகொண்டிருக்கிறது. மலைவயலில் உழைக்க ஆட்களும் குறைகிறார்கள். பாட்டுக்கு ஒரு சந்தர்ப்பம் போய்விட்டது, வேறு மேடை கொடுத்தால் போதும் என்று இதை நினைக்கக் கூடாது. பிள்ளைகளுக்குப் பயிற்சி வகுப்புகள் நடக்கின்றன. அது நல்லதுதான், மனதார வரவேற்கிறேன். ஆனால் எழுதி வைத்த ஒரு பகுதியைப் பிசகாமல் ஒப்பிப்பதால் ஒருத்தி முன்ஹாவே ஆகிவிட முடியாது. வயலில் அதற்கு வேறு பாதை இருந்தது. சிறுமி முதலில் ஊர்ப் பெயரை மட்டும் குழுவோடு சேர்ந்து பாடினாள். பல அறுவடைகள் கழித்து, பாட்டி அடுத்து எங்கே போவாள் என்று அவளுக்கு முன்கூட்டியே தெரிய ஆரம்பித்தது. பிறகொரு நாள் பாட்டி களைத்து நிறுத்தியபோது, கதிரை அறுத்தபடியே அடுத்த வரியை அவள் எடுத்தாள். மற்றவர்கள் முடித்துவைத்தார்கள்.