தெருப் பெயர் தீர்மானம் ஆகும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்

தர்மபுரி மாவட்டம் பாலக்கோடு பக்கம் ஒரே ஊராட்சியில் இரண்டு மாரியம்மன் கோயில் தெரு. அங்கே ஒரு பாட்டி முந்தானையில் முடிந்து வைத்திருந்த கடிதத்தைப் பிரித்துக் காட்டினார். முதியோர் உதவித்தொகை விசாரணைக்கு வரச் சொன்ன கடிதம். இன்னொரு மாரியம்மன் கோயில் தெருவில் கிடந்துவிட்டு, தேதி முடிந்தபிறகு வந்திருக்கிறது. கேட்கப் போனால், "நீங்கதான் வரலையே, மறுபடி மனு கொடுங்க" என்றார்களாம்.

பெயர் வைப்பது உள்ளாட்சியின் வேலை. கிராமத்தில் ஊராட்சித் தீர்மானம், நகராட்சியிலும் ஓசூர் மாநகராட்சியிலும் மன்றத் தீர்மானம் வேண்டும். சாதிப் பெயர்களை நீக்க 2025 அக்டோபரில் அரசாணை வந்தது. நீக்க வேண்டியவைதான். ஆனால் நம் பக்கத்துக் கொட்டாய்களை, அதாவது சின்னச் சின்னக் குடியிருப்புகளை, எல்லாம் காந்தி நகர், அண்ணா நகர் என்று மாற்றிவிட்டால் 108 வண்டி எந்தக் காந்தி நகருக்குப் போகும்? ஏரி, பாறை, புளியந்தோப்பு என்று அந்த இடத்துக்கே உரிய பெயராகக் கேளுங்கள். பக்கத்து ஊராட்சியிலும் அதே பெயர் இல்லையே என்று விசாரியுங்கள். போனில் சொல்லிப் பாருங்கள். முருகன் நகர், முருகம்மன் நகர் இரண்டும் காதில் ஒன்றாகத்தான் விழும். வெறும் "2வது குறுக்குத் தெரு" வேண்டவே வேண்டாம்.

திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் மனு கொடுத்தாலும் அது சுற்றிக்கொண்டு பி.டி.ஓ. (வட்டார வளர்ச்சி அலுவலர்) ஆபீஸுக்குத்தான் வரும். அங்கே "தீர்மானம் எங்கே?" என்பார்கள். அதனால் முதலில் கிராம சபை. அது கூடும் நாட்கள் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. வாயால் சொல்லிவிட்டு வந்துவிடாதீர்கள். தீர்மானப் புத்தகத்தில் பழைய பெயர், புதிய பெயர் இரண்டும் ஏறுவதைக் கண்ணால் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். பழைய பெயரை விட்டுவிட்டால், ஆதாரில் இருப்பதும் வீட்டு வரி ரசீதில் இருப்பதும் ஒரே வீடுதான் என்று நிரூபிக்க நீங்கள்தான் அலைய வேண்டும்.

தீர்மான நகலை முத்திரையோடு வாங்குங்கள். இழுத்தடித்தால் 10 ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். 30 நாளில் பதில் தந்தாக வேண்டும். வாக்காளர் பட்டியல் திருத்தத்துக்குப் படிவம் 8.

அப்புறம், "தெருப் பெயர் மாறிவிட்டது, பட்டாவையும் மாற்றணும்" என்று எவராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். கிராமத்துப் பட்டா ஊர்ப் பெயரிலும் சர்வே எண்ணிலும்தான் நிற்கிறது. தெருப் பெயருக்கு அதில் வேலையே இல்லை.