கேட் சும்மா இருக்கிறது, வரிசை மட்டும் ஏன் நீள்கிறது?

திருப்பூரிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "துறைமுக கேட்டில் எங்கள் கண்டெய்னர் மணிக்கணக்கில் நிற்கிறது. விசாரித்தால், கேட்டுக்கு இன்னும் திறன் இருக்கிறது, நடுநடுவே வண்டி இல்லாமல் சும்மாதான் கிடக்கிறது என்கிறார்கள். சும்மா கிடக்கும் கேட்டுக்கு முன்னால் வரிசை எப்படி வரும்? யார் பொய் சொல்வது?"

யாரும் பொய் சொல்லவில்லை. இரண்டும் ஒரே நாளில், ஒரே கேட்டில் நடக்கும்.

கேட்டில் நடப்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். வண்டி எண், கண்டெய்னர் எண், சீல், ஷிப்பிங் பில் என்ற ஏற்றுமதி ஆவணம், எல்லாம் பார்த்து அப்புறம் உள்ளே. இதற்கு ஒரு லாரிக்குச் சராசரியாக 5 நிமிடம் என்று வைப்போம். அப்படியானால் மணிக்கு 12 லாரி போகலாம். லாரிகள் வருவதும் சோதனைக்கு ஆகும் நேரமும் ஒரு ஒழுங்கில்லாமல் முன்னே பின்னே இருக்கும் என்றும் வைத்துக்கொள்வோம். இப்போது கணக்கைப் பாருங்கள். மணிக்கு 6 லாரி வந்தால், ஒரு லாரி வரிசையில் சராசரியாக 5 நிமிடம் நிற்கும். 9 வந்தால் 15 நிமிடம். 10 வந்தால் 25. 11 வந்தால் 55 நிமிடம்! இரண்டு மணி நேரத்துக்கு 23 லாரி வந்தால், அதாவது சராசரியில் அரை லாரி கூடினால், 115 நிமிடம்.

மணிக்கு 11 லாரி வரும்போதும் கேட் மணிக்கு 5 நிமிடம் சும்மாதான் இருக்கிறது. வாசகரின் புதிர் இதுதான்.

எனக்கு இதில் ரொம்பப் பிடித்த இடம் இனிமேல்தான் வருகிறது. சரியாக 5 நிமிடத்துக்கு ஒன்றாக லாரிகள் வந்து, சோதனையும் சரியாக 5 நிமிடத்தில் முடிந்தால் யாருமே நிற்க வேண்டியதில்லை. ஆனால் ஒரு லாரியின் பேப்பரில் கண்டெய்னர் எண்ணின் ஓர் இலக்கம் தவறாக இருக்கிறது. டிரைவர் போன் போடுகிறார், ஏஜென்ட் ஓடி வருகிறார், 20 நிமிடம் போய்விடுகிறது. கேட்டின் தலையில் 15 நிமிட வேலை கூடுதலாக ஏறிவிட்டது. இதை எதிலிருந்து ஈடுகட்டுவது? அந்த 'சும்மா இருக்கும்' நேரத்திலிருந்துதான். மணிக்கு 6 லாரி வரும் கேட்டில் மணிக்கு 30 நிமிடம் மிச்சம் இருக்கிறது, அரை மணியில் சரியாகிவிடும். 9 லாரி என்றால் மிச்சம் 15 நிமிடம், ஒரு மணி ஆகும். 11 லாரி என்றால் மிச்சம் 5 நிமிடம்தான், 3 மணி நேரம் ஆகும். அதற்குள் வந்து சேரும் 33 லாரிகளும், தங்கள் பேப்பரில் ஒரு தவறும் இல்லாமலே, அந்த ஓர் இலக்கத்துக்காகக் காத்துக்கிடக்கும். இது முடிவதற்குள் அடுத்த கோளாறு வந்துவிட்டால், பழைய பாக்கியின் மேல் புதிய பாக்கி ஏறும்.

காலை 10 மணிக்கு லாரி வராமல் கழிந்த 10 நிமிடத்தை எடுத்து வைத்து மாலை 6 மணிக்குச் செலவழிக்கவும் முடியாது. தாமதம் சேர்ந்துகொண்டே போகும், ஓய்வு சேராது. இந்தக் கணக்கை முதலில் போட்டவர் துறைமுகத்தையே நினைத்திருக்க மாட்டார். கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் வேலை பார்த்த எர்லாங், அழைப்புகளைச் சமாளிக்க எத்தனை இணைப்பு வேண்டும் என்று ஆராய்ந்து 1909-இல் எழுதியதுதான் தொடக்கம்.

அவர் வழியில் வந்த கணிதம் இன்னொன்றையும் சொல்கிறது. வரிசையைக் குறைக்கத் திறனைத்தான் கூட்ட வேண்டும் என்பதில்லை, ஏற்ற இறக்கத்தைக் குறைத்தாலும் போதும். ஆவணங்களை முன்கூட்டியே இணையத்தில் சரிபார்த்து, ஒவ்வொரு சோதனையும் 5 நிமிடத்தில் முடியும்படி செய்தால், லாரிகள் இஷ்டப்படி வந்தாலும் அந்த 55 நிமிடம் பாதியாகிவிடும். பக்கத்தில் இன்னொரு கேட்டும் இதே நெரிசலோடு இருக்கிறதா? தனித்தனி வரிசையை ஒரே வரிசையாக்கி, எந்த கேட் காலியோ அங்கே அனுப்பினால் 55 நிமிடம் சுமார் 26 ஆகும். வங்கியில் டோக்கன் கொடுப்பது இதற்குத்தான். ஒரு செங்கல்கூட வைக்க வேண்டாம்.

ஒரு மணி நேரத்துக்காக இவ்வளவு கவலையா என்றால், கப்பல் மணிக்கணக்கில் வருவதில்லை. திருப்பூர்ச் சரக்கில் கணிசமானது தூத்துக்குடியில் ஃபீடர் என்ற சிறிய கப்பலில் ஏறி, கொழும்பில் பெரிய கப்பலுக்கு மாறுகிறது. பல சேவைகள் வாரத்துக்கு ஒன்றுதான். கேட்டில் 2 மணி நேரம் பிந்தி, கப்பலுக்குச் சரக்கை ஏற்கும் கடைசி நேரமான கட்-ஆஃபைத் தவறவிட்டால், ஒரு வாரம் போய்விடலாம். அப்புறம் விமானத்தில் அனுப்பு, இல்லையென்றால் தள்ளுபடி கொடு. அமெரிக்கா கடல்வழியும் வான்வழியும் இறக்குமதி செய்யும் சரக்குகளை ஒப்பிட்டு ஹம்மல்ஸ், ஷாவர் என்ற பொருளாதாரப் பேராசிரியர்கள் 2013-இல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள்: வழியில் கழியும் ஒவ்வொரு நாளும் 0.6 முதல் 2.1 சதவீதம் வரை வரி போட்டதற்குச் சமம். எந்த அரசும் போடாத வரி, யார் கஜானாவுக்கும் போகாத வரி.

இந்தியா சும்மா இருக்கவில்லை. 2017-இல் ஜிஎஸ்டியோடு மாநில எல்லைச் சோதனைச்சாவடிகள் போயின, 2021-இல் ஃபாஸ்டேக் கட்டாயமானது. உலக வங்கியின் சரக்குப் போக்குவரத்துத் தரவரிசையில் 2018-இல் 44-ஆவது இடம், 2023-இல் 38. ஆனால் கிரேன் வாங்கக் கிடைக்கும் பணம் இந்த மாதிரி ஆராய்ச்சிக்குக் கிடைப்பதில்லை என்பது என் ஆதங்கம். கிரேனுக்கு ரிப்பன் வெட்டலாம், வரிசைக் கணிதத்துக்கு எங்கே வெட்டுவது? சும்மா நிற்கும் இயந்திரத்தைக் கண்டால் நஷ்டம் என்று எழுதும் தணிக்கைப் புத்தியும் மாற வேண்டும்.

கூட்டம் சேர்வதில் நம் பங்கும் உண்டு. கண்டெய்னரில் சரக்கேற்றும் வேலை சாயங்காலம் முடிவதால் வண்டிகள் ஒன்றாகக் கிளம்புகின்றன. வெள்ளிக்கிழமையானால் பன்னிரண்டு மணிக்கு ராகுகாலம் முடியட்டும் என்று பத்துப் பேர் காத்திருந்தால், பத்து வண்டியும் பன்னிரண்டே காலுக்குச் சாலையில். ராகு என்ன செய்வாரோ தெரியாது, வரிசையை நிச்சயம் நீட்டுவார்.

பகுத்தறிவோடு போட்ட திட்டமும் இதையே செய்யும். அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ், லாங் பீச் துறைமுகங்களில் 2005-இல் பகலில் வரும் கண்டெய்னர்களுக்குக் கட்டணம் விதித்து, இரவில் வந்தால் இலவசம் என்றார்கள். பகல் நெரிசல் குறைந்தது. ஆனால் மாலை 6 மணிக்குக் கட்டணம் முடியும் என்று லாரிகள் அதற்கு முன்பே வந்து வாசலில் குவிந்தன. 2018-இல் பகலுக்கும் இரவுக்கும் ஒரே கட்டணம் என்று மாற்றி, நேரத்தை முன்பதிவு செய்துவிட்டு வரச் சொன்னார்கள்.