படுக்கையறை ஏர்கோனும் 5 லிட்டர் தண்ணீரும்

பினாங்கு ஆயர் ஈத்தாமில் இருக்கிறது எங்கள் வீடு. படுக்கையறை ஏர்கோனின் தண்ணீர்க் குழாய் பின்பக்கக் கால்வாயில் போய் முடியும். ஒரு நாள் இரவு அதன் முனையில் ஒரு வாளியை வைத்துவிட்டுப் படுத்தேன். காலையில் அளந்தால் 5 லிட்டருக்குச் சற்று மேலே இருந்தது. அத்தனையும் நாங்கள் தூங்கிய அறையின் காற்றிலிருந்து வந்த நீர். ஏர்கோன் என்றால் குளிர் தரும் பெட்டி என்றுதான் நினைக்கிறோம். நம் ஊரில் அதன் உழைப்பில் பெரும் பங்கு காற்றிலிருந்து தண்ணீரைப் பிரிப்பதற்கே போகிறது. இது புரிந்தால் ரிமோட்டில் என்ன எண் வைப்பது என்ற குழப்பமும் தீரும்.

ஏர்கோன் குளிரை உண்டாக்குவதில்லை. அறையின் வெப்பத்தை அள்ளிக்கொண்டு போய் வெளியே கொட்டுகிறது. வெப்பம் தானாகப் போனால் சூடான இடத்திலிருந்து குளிர்ந்த இடத்துக்குத்தான் போகும். எதிர்ப்பக்கம் அனுப்ப வேண்டுமானால் உழைக்க வேண்டும். கொண்டோவில் கீழ்த்தொட்டித் தண்ணீரை மொட்டைமாடித் தொட்டிக்கு ஏற்ற மோட்டார் ஓடுகிறதே, அது மாதிரி. அதனால்தான் இந்த வகை இயந்திரத்துக்கு வெப்ப பம்ப் என்று பெயர். ஜப்பானிலும் நார்வேயிலும் இதே இயந்திரம், ஒரு வால்வைத் திருப்பியதும், குளிர்காலத்தில் வெளிக்காற்றின் வெப்பத்தை வீட்டுக்குள் இறைத்துத் தருகிறது.

இப்போது கடைகளில் கிடைக்கும் பல ஏர்கோன்களில் ஆர்32 என்ற பொருள் ஓடுகிறது. சாதாரணக் காற்றழுத்தத்தில் இது சுழியத்துக்குக் கீழே 52 டிகிரியிலேயே கொதித்துவிடும். அறைக்குள் இருக்கும் குழாய்ச் சுருளில் அழுத்தம் காற்றழுத்தத்தைப் போல் ஏறத்தாழ 11 மடங்கு. அங்கே அது 10 டிகிரி வாக்கில் கொதித்து ஆவியாகிறது. ஆவியாகத் தேவையான வெப்பத்தை அறைக்காற்றிடமிருந்து எடுத்துக்கொள்கிறது. கம்ப்ரசர் அந்த ஆவியைக் காற்றழுத்தத்தைப் போல் 28 மடங்கு வரை நெருக்கினால், அது 45 டிகிரியில் திரவமாக மாறத் தொடங்கும். வெளியே 33 டிகிரி வெயில் அடித்தாலும் ஆர்32 அதைவிடச் சூடாக இருப்பதால், சுமந்து வந்த வெப்பத்தை அங்கே விட்டுவிட்டுத் திரும்பும்.

ஆக, வெப்பத்தை 10 டிகிரியிலிருந்து 45 டிகிரிக்கு ஏற்றுகிறோம். இந்த 35 டிகிரி ஏற்றம்தான் கரண்ட் பில்லின் அடிப்படை. வெப்ப இயந்திரங்களின் திறனுக்கு எல்லை போடுவது வெப்பநிலை வித்தியாசம்தான் என்று பிரான்சின் சாடி கார்னோ 1824-இல் காட்டினார். ஏற்றம் குறைந்தால் செலவும் குறையும். ஒரு ஹோர்ஸ் பவர் ஏர்கோன் சுமார் 0.8 கிலோவாட் மின்சாரத்தை வாங்கிக்கொண்டு 2.6 கிலோவாட் வெப்பத்தை வெளியேற்றும். அறைக்குள் உள்ள சுருளில் தூசி அடைத்தாலோ, வெளியே உள்ள யூனிட்டுக்கு முன்னால் துணி காயப்போட்டுக் காற்றை மறைத்தாலோ அந்த ஏற்றம் கூடிவிடும். பல அடுக்குமாடிகளில் யூனிட்டை ஒரு சிறு மாடத்துக்குள் அடைத்து வைத்திருப்பதைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். அது விடும் அனல் காற்றையே அது திரும்ப இழுத்துக்கொண்டிருக்கும்.

இன்வெர்ட்டர் ஏர்கோன் மிச்சப்படுத்துவதும் இதே வழியில்தான். அறை குளிர்ந்ததும் அது நிற்காமல் வேகத்தைக் குறைத்துக்கொண்டு ஓடும். சுருள்கள் அதே அளவு, கடத்த வேண்டிய வெப்பமோ பாதி. அதனால் உள்ளே சுருள் அவ்வளவு குளிர வேண்டியதில்லை, வெளியே அவ்வளவு சூடாக வேண்டியதில்லை. இரவு முழுக்கப் போடுவதும் அணைப்பதுமாக இருப்பதைவிட ஒரே எண்ணில் விட்டுவிடுவது நல்லது என்பது இதனால்தான். பல மணி நேரம் வெளியே போகிறீர்கள் என்றால் அணைத்துவிட்டுப் போங்கள். 16-இல் வைத்தால் சீக்கிரம் குளிரும் என்ற நம்பிக்கையும் வேண்டாம். அறை 32 டிகிரியில் இருக்கும்போது 24 என்று வைத்தாலே கம்ப்ரசர் முழு வேகத்தில்தான் ஓடும்.

சரி, அந்த வாளிக்கு வருவோம். 30 டிகிரியும் 80 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள காற்றில் ஒரு கன மீட்டருக்கு 24 கிராம் நீராவி இருக்கும். அதையே 25 டிகிரி, 55 விழுக்காட்டுக்குக் கொண்டுவந்தால் 13 கிராமுக்கும் குறைவு. எங்கள் அறை 34 கன மீட்டர். ஆகவே முதலில் பிரிய வேண்டிய நீர் 400 கிராம்கூட இல்லை. மிச்சமெல்லாம் கதவிடுக்கு வழியே விடிய விடிய நுழைந்த வெளிக்காற்றிலிருந்தும், நம் மூச்சிலும் வியர்வையிலும் இருந்தும் வந்தது. நீராவி ஒரு லிட்டர் நீராக மாறும்போது 0.68 கிலோவாட்-மணி வெப்பத்தை விடும். 5 லிட்டருக்கு 3.4. அறையின் வெப்பநிலை ஒரு டிகிரிகூட இறங்காமலே இந்தச் சுமையை ஏர்கோன் தூக்கியாக வேண்டும். 1902-இல் அமெரிக்கப் பொறியாளர் வில்லிஸ் கேரியர் தம் முதல் ஏர்கோனை வடிவமைத்ததும் புரூக்ளினில் ஓர் அச்சகத்தின் ஈரப்பதத்தைக் கட்டுப்படுத்தத்தான்.

நான் இதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். முதலில் அந்தச் சிறிய அறைக்கு, பெரிதாக இருந்தால் நல்லது என்று கடைக்காரர் சொன்னதை நம்பி, 2 ஹோர்ஸ் பவர் ஏர்கோன் வாங்கினேன். பழைய வகை, இன்வெர்ட்டர் இல்லாதது. பத்து நிமிடத்தில் 22 டிகிரிக்கு இறக்கிவிட்டுக் கம்ப்ரசர் நின்றுவிடும். ஆனால் ஃபேன் ஓடிக்கொண்டே இருக்கும். சுருளில் ஒட்டிய நீர் வடிந்து குழாய்க்குப் போவதற்குள் மறுபடி ஆவியாகி அறைக்கே திரும்பிவிடும். உடம்பு நடுங்கும், போர்வை பிசுபிசுக்கும், அலமாரியில் பூஞ்சை வாடை. ஈரமானி ஒன்று வாங்கி வைத்தபோது 75 விழுக்காடு காட்டியது. பிறகு 1 ஹோர்ஸ் பவர் இன்வெர்ட்டருக்கு மாறினோம். இப்போது 26 டிகிரியில் நிம்மதியாகத் தூங்குகிறோம், ஈரப்பதமும் 60-ஐ ஒட்டியே நிற்கிறது.

இன்வெர்ட்டரிலும் ஒரு நுணுக்கம் உண்டு. மெதுவாக ஓடும்போது சுருள் அவ்வளவு குளிராது என்றேன் அல்லவா? சுருள் போதுமான அளவு குளிராவிட்டால் நீர் குறைவாகத்தான் பிரியும். கரண்ட் மிச்சம், ஆனால் அறை ஈரம். ஏர்கோனின் ஃபேன் வேகத்தைக் குறைத்துப் பாருங்கள். காற்று மெதுவாகக் கடக்கும்போது சுருள் இன்னும் குளிரும், நீர் கூடுதலாகப் பிரியும். மழை நாளில், வெக்கை இல்லாமல் ஈரம் மட்டும் தொல்லை தரும்போது, ரிமோட்டில் நீர்த்துளிப் படம் போட்ட பொத்தான் இந்த வேலையைத்தான் செய்கிறது. அதற்குக் கொஞ்சம் கூடுதல் கரண்ட் போனாலும் பூஞ்சை பிடித்த அறையில் பிள்ளைகளைத் தூங்கவைப்பதற்கு அது மேல் என்பது என் கருத்து.

கூரை ஃபேனையும் சேர்த்துப் போடுங்கள். அதன் காற்று தோலில் படுவதே இரண்டு டிகிரி குறைந்த மாதிரி தெரியும்; அதற்குச் செலவு 50 வாட் அளவில்தான். மேற்குப் பார்த்த சுவர் உள்ள வீடுகளில் பிற்பகல் முழுக்க வெயில் குடித்த சுவர் இரவு பத்து மணி வரை அனலைக் கக்கும். அங்கே காற்று 24 டிகிரியாக இருந்தாலும் வேர்க்கும். அதற்கு மருந்து ரிமோட்டில் இல்லை. மாலையில் வெயில் சுவரைத் தொடாதபடி திரையோ கொடியோ போட வேண்டும்.

அப்புறம், ஆண்டுதோறும் கேஸ் குறைந்துவிட்டது என்று நிரப்பிவிட்டுப் போகிறார்களா? ஆர்32 மாதிரிப் பொருளைத்தான் கேஸ் என்கிறார்கள். அது மூடிய குழாய்க்குள்ளேயே சுற்றுவது. பெட்ரோல் மாதிரி தீராது. குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது, முதலில் அதை அடைக்கச் சொல்லுங்கள். கேஸ் குறைந்தாலும் வடிகட்டி அடைத்தாலும் சுருளில் பனி பிடிக்கக்கூடும். ஈரமான இரவில் ஏர்கோன் ஓடியும் வாளியில் ஒன்றும் சேரவில்லை என்றால், நான் முதலில் வடிகட்டியைக் கழுவுவேன். அதன் பிறகும் சொட்டாவிட்டால் தண்ணீர்க் குழாய் அடைத்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் சர்வீஸ் ஆளைக் கூப்பிடுவேன்.