இண்டிகேட்டர் கிளாஸை மாற்றலாமா? மோட்டார் வாகன விதி சொல்வது இதுதான்

யமஹா ஆர்.எக்ஸ். 100 பைக் வைத்திருப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள். இன்ஜின் வேலைக்கு ஆள் கிடைத்துவிடுவார், இடுக்கில்லாமல் பொருந்துகிற இண்டிகேட்டர் கிளாஸுக்குத்தான் அலைய வேண்டும். 1996-லேயே தயாரிப்பு நின்றுபோன வண்டி அது. அதனால் சிலர் பெயர்ப்பலகை செய்யும் கடையில் ஆக்ரிலிக் வெட்டி வாங்குகிறார்கள், சிலர் 3டி பிரிண்டரில் அச்செடுத்துக்கொள்கிறார்கள். கையோடு கிளாஸுக்குள் ஒரு வேலோ பெயரின் முதலெழுத்தோ விளக்கு போட்டால் மின்னுகிற மாதிரி ஒரு பிளாஸ்டிக் தகட்டையும் செருகிவிடுகிறார்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. பிறகு வண்டியை மடக்கும்போதுதான், "இன்னா சார், இத்தினியூண்டு பிளாஸ்டிக்கு, இதுக்குப் போயி ஃபைனா?" என்ற கேள்வி வருகிறது.

மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-இல் இண்டிகேட்டருக்கென்று இருப்பது விதி 102. திருப்பத்தைக் காட்டும் விளக்கு ஆம்பர் நிறத்தில், அதாவது செம்மஞ்சளாக எரிய வேண்டும். நிமிடத்துக்கு 60 முறைக்குக் குறையாமலும் 120 முறைக்கு மேற்படாமலும் மின்ன வேண்டும். வண்டிக்கு முன்னால் இருப்பவருக்கும் பின்னால் வருபவருக்கும் தெளிவாகத் தெரிய வேண்டும். நாம் செருகுகிற பிளாஸ்டிக் இந்த மூன்றில் எதையும் கெடுக்கக் கூடாது.

நிறத்தில்தான் அதிகம் பேர் தவறுகிறார்கள். வெளியே வெள்ளைக் கிளாஸ், உள்ளே செம்மஞ்சள் பல்பு என்று மாட்டினால் வருகிற வெளிச்சம் செம்மஞ்சள்தான். ஆனால் மட்டமான பல்பில் பூச்சு சில மாதத்தில் உரிந்து, பொட்டுப் பொட்டாக வெள்ளை வெளிச்சம் கசிய ஆரம்பிக்கும். நீலம், பச்சை, வெள்ளை வெளிச்சத்துக்கு இந்த விதியில் இடமே இல்லை. புகை நிற 'ஸ்மோக்' தகடு இரவில் ஏதோ சமாளிக்கும். வேலூரின் மத்தியான வெயிலில், கிரீன் சர்க்கிளில் உங்களுக்குப் பின்னால் நிற்கிற பஸ் டிரைவருக்கு நீங்கள் எந்தப் பக்கம் திரும்பப் போகிறீர்கள் என்றே தெரியாது. என்னைக் கேட்டால் ஸ்மோக்கை அடியோடு விட்டுவிடுவது நல்லது.

வேகத்தை வீட்டிலேயே பார்த்துவிடலாம். இண்டிகேட்டரைப் போட்டுக் கைக்கடிகாரத்தை வைத்துக்கொண்டு எண்ணுங்கள். 10 நொடியில் 10 முதல் 20 முறை மின்னினால் சரி. எல்.இ.டி. மாற்றியவர்களுக்குப் பெரும்பாலும் 20 தாண்டிப் படபடவென்று அடிக்கும். இண்டிகேட்டரை விட்டுவிட்டு எரிய வைக்கும் பழைய ஃப்ளாஷர் 10 வாட் பல்பு இழுக்கும் கரண்டைக் கணக்கு வைத்துச் செய்தது. எல்.இ.டி. அதில் கொஞ்சம்தான் இழுக்கும் என்பதால், ஏதோ ஒரு பல்பு ஃபியூஸ் ஆனதாக எண்ணிக்கொண்டு வேகம் பிடிக்கிறது. எல்.இ.டி.க்கென்றே வருகிற ஃப்ளாஷர் போட்டால் அடங்கிவிடும்.

படம் வெட்டிய தகடு வேண்டுமே என்பவர்கள், நடுவை மறைக்காமல் ஓரத்தில் மெல்லிய கோடாக வையுங்கள். முழுத்தகட்டையும் கறுப்பாக்கி எழுத்து மட்டும் எரிவது போல வெட்டினால் வெளிச்சத்தில் பாதிக்கு மேல் உள்ளேயே தங்கிவிடும். எந்தப் பிளாஸ்டிக் என்பதும் முக்கியம். 3டி பிரிண்டரில் சாதாரணமாக ஓடும் பி.எல்.ஏ. சுமார் 60 டிகிரியிலேயே இளகத் தொடங்கும். அக்னி நட்சத்திரத்தில் நிழலில்லாத இடத்தில் நிறுத்திய வண்டி, உள்ளே எரியும் பல்பு, இரண்டும் சேர்ந்தால் வேல் வளைந்து வில்லாகிவிடும். ஆக்ரிலிக் 100 டிகிரி வரை நிற்கும், ஆனால் கல் பட்டால் விரிசல் விடும். பாலிகார்பனேட் இரண்டையும் தாங்கும். சூப்பர் க்ளூ தடவினால் சுற்றிலும் வெள்ளையாகப் பூத்துவிடும் என்பதால் ஸ்க்ரூவோ ரப்பர் கேஸ்கட்டோ போதும்.

அபராதத்துக்கு வருவோம். 'ஆர்.சி. புக்கில் இண்டிகேட்டரைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே, எப்படிக் கேஸ் போடுவார்கள்?' என்று சிலர் வாதாடுவார்கள். மோட்டார் வாகனச் சட்டத்தில், ஆர்.சி. விவரம் மாறுகிற விதத்தில் வண்டியை மாற்றக் கூடாது என்கிற பிரிவு 52-ஐ மட்டும் பார்த்தால் வாதம் சரி போலத் தோன்றும். ஆனால் 2019 திருத்தத்தில் மாற்றி எழுதப்பட்ட பிரிவு 182ஏ ஆர்.சி. புக்கோடு நிற்கவில்லை. சட்டமும் விதியும் அனுமதிக்காத விதத்தில் உதிரிபாகம் மாட்டி வண்டியை மாற்றும் உரிமையாளருக்கு, ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது அது. தனியாகத் தண்டனை சொல்லாத சிறு மீறல்கள் பிரிவு 177-இல் வரும். முதல் முறை 500 ரூபாய், அடுத்தடுத்து 1,500 ரூபாய் வரை. தமிழ்நாட்டில் உயர்த்தப்பட்ட அபராதங்கள் 2022 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தன.

ரோட்டில் தப்பித்தாலும் ஆர்.டி.ஓ. ஆபீஸில் மாட்டும் இடம் ஒன்று இருக்கிறது. சொந்த உபயோக பைக்கின் பதிவு 15 ஆண்டுக்குத்தான். அதன்பின் படிவம் 25 கொடுத்து 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அப்போது வண்டியைக் கொண்டுபோய்க் காட்டியாக வேண்டும். வேலூரின் டி.என். 23 ஆனாலும் ராணிப்பேட்டையின் டி.என். 73 ஆனாலும் இதுதான் நடைமுறை. பழைய வண்டிக்காரர்கள், பதிவு முடிவதற்கு முந்தைய 60 நாளுக்குள் விண்ணப்பிக்கும்போதே நான்கு இண்டிகேட்டரையும் ஒருமுறை போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நண்பர்களுக்குச் செய்து கொடுத்துப் பழகி, பிறகு விலைக்கு விற்கலாம் என்று யோசிப்பவர்களுக்குக் கணக்கே வேறு. முக்கியப் பாதுகாப்பு உதிரிபாகம் என்று மத்திய அரசு அறிவித்த ஒன்றை விதிக்குப் பொருந்தாமல் விற்றால், அதே 182ஏ-இன்படி ஒவ்வொரு உதிரிபாகத்துக்கும் 1 லட்சம் ரூபாய் அபராதம், அல்லது ஓராண்டு வரை சிறை, அல்லது இரண்டும். ஆர்டர் பிடிப்பதற்கு முன்னால் அந்த அறிவிப்புப் பட்டியலைப் பாருங்கள். புனேயில் உள்ள ஏ.ஆர்.ஏ.ஐ. போன்ற சோதனைக் கூடத்தில் சான்று வாங்க எவ்வளவு ஆகும் என்பதையும் கேட்டுக்கொண்டு, அந்தச் செலவைச் சேர்த்தே விலை போடுங்கள்.