சுவிட்சை அணைத்தால் மின்னல் நின்றுவிடாது: பள்ளிக் கம்ப்யூட்டர் லேப் பொறுப்பில் இருப்பவர்களுக்கு

ஐப்பசி பிறந்தால் கேரளத்தின் பாலக்காடு மாவட்டச் சித்தூர் தாலூகாப் பள்ளிகளில் இருந்து வரும் அழைப்புகள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கின்றன. "நேத்து சாயங்காலம் பயங்கர இடி சார். காலையில லேப் திறந்தா நெட் இல்ல. பாதி மெஷின்ல லேன் போர்ட் செத்துப்போச்சு." அடுத்து என்ன வரும் என்பதும் தெரியும். "ஆனா சுவிட்ச் எல்லாத்தையும் அணைச்சுட்டுத்தான் பூட்டினோம். யூபிஎஸ்கூட இருக்கே!"

கோழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி, மீனாட்சிபுரம் என்று எல்லையோரம் முழுக்க இதே கதைதான். எல்லை தாண்டிப் பொள்ளாச்சிப் பக்கம் போனாலும் மாற்றமில்லை. லேப்பைப் புதுப்பிக்கப் பணம் வந்தால் லேப்டாப்பும் புரொஜெக்டரும் வாங்குகிறோம். அவற்றைக் கொல்லும் வயரையும் எர்த்தையும் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. இந்த வருடமும் பிள்ளைகள் பாதி லேப்பில் மூன்று பேருக்கு ஒரு மெஷின் என்று உட்கார்ந்திருக்கிறார்கள். பொறுத்தது போதும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் அந்தச் சுவிட்ச். சுவரில் இருக்கும் சாதாரண சுவிட்ச் ஃபேஸ் வயரை மட்டும்தான் பிரிக்கிறது. நியூட்ரலும் எர்த்தும் எப்போதும் போல மெஷினோடு சேர்ந்தே இருக்கின்றன. பிரிந்த ஃபேஸிலும் சுவிட்சுக்குள் இருக்கும் இடைவெளி சில மில்லிமீட்டர்தான். ஒரு மில்லிமீட்டர் காற்று சுமார் 3,000 வோல்ட் வரை தாங்கும். மேகத்திலிருந்து கிலோமீட்டர் கணக்கில் காற்றைப் பிளந்துகொண்டு இறங்கிய மின்னலுக்கு இந்தச் சின்ன இடைவெளி எந்த மூலைக்கு?

மின்னல் பள்ளிக்கூடத்தின் மேல்தான் விழ வேண்டும் என்பதும் இல்லை. சற்றுத் தள்ளி ஒரு பனை மேலோ மின்கம்பத்தின் மேலோ விழுந்தாலே போதும். ஒரு சாதாரண மின்னலில் 30,000 ஆம்பியர் அளவுக்கு மின்னோட்டம் சில மைக்ரோ வினாடிகளில் உச்சத்தைத் தொடுகிறது. அந்த வேகத்தில் அக்கம்பக்கம் நீளமாகக் கிடக்கும் எந்தச் செம்புக் கம்பியிலும் ஆயிரக்கணக்கான வோல்ட் தானாகத் தூண்டப்படும். கம்பி எவ்வளவு நீளமோ அவ்வளவு ஆபத்து.

இப்போது யூபிஎஸ். பள்ளிகளில் இருக்கும் 600 விஏ, 1 கேவிஏ யூபிஎஸ்களில் பெரும்பாலானவை, கரண்ட் இருக்கும்போது லைனில் வருவதை ஏறக்குறைய அப்படியே மெஷினுக்கு அனுப்புகின்றன. கரண்ட் போனால் பேட்டரிக்கு மாற அவற்றுக்குச் சில மில்லி வினாடி பிடிக்கும். மின்னல் தந்த அதிர்ச்சி அதற்குள் வந்து, அடித்து, போய்விட்டிருக்கும். உள்ளே வேரிஸ்டர் என்று விரல்நகம் அளவில் ஒரு பாகம் உண்டு. அதுதான் அதிர்ச்சியை வாங்கிக்கொள்வது. ஒவ்வொரு அடிக்கும் அது கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து, ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் செயலிழந்து போகும். யூபிஎஸ் விளக்கு அப்போதும் பச்சையாகவே எரியும். யூபிஎஸ்ஸின் வேலை கரண்ட் போனால் ஃபைலைச் சேமிக்க நேரம் தருவது. மின்னலைத் தடுக்க அதை யாரும் வடிவமைக்கவில்லை.

இதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. லேன் கேபிள் யூபிஎஸ் வழியாகப் போவதே இல்லை! ஹைஸ்கூல் பிளாக்கில் இருந்து யூபி (அப்பர் பிரைமரி) பிளாக்குக்கு மொட்டை மாடி மேலேயோ மரத்தில் கட்டியோ அறுபது எழுபது மீட்டர் கேட்–6 செம்புக் கேபிள் இழுத்திருப்பீர்கள். கேட்–6 நூறு மீட்டர் வரை போகலாம் என்று கடைக்காரர் சொன்னது உண்மைதான். அது சிக்னல் போகும் தூரம். மின்னல் காலத்தில் அந்தக் கேபிள் வெட்டவெளியில் விரித்த ஒரு ஆன்டெனா. லேன் போர்ட்டுக்குள் இருக்கும் சின்ன டிரான்ஸ்ஃபார்மர் 1,500 வோல்ட் வரை தாங்கும்படி செய்யப்பட்டது. அதற்கு மேல் வந்தால் போர்ட் போகும், நெட்வொர்க் ஸ்விட்ச் போகும்.

அடி எந்த வழியாக வந்தது என்று பார்க்க ஒரு எளிய அடையாளம் சொல்கிறேன். மெஷின் ஆன் ஆகிறது, லேன் மட்டும் இல்லை என்றால் வந்த வழி பெரும்பாலும் லேன் கேபிள். எஸ்எம்பிஎஸ்ஸோ (கம்ப்யூட்டருக்குள் கரண்ட் தரும் பெட்டி) சார்ஜரோ போயிருந்தால் வந்த வழி கரண்ட் லைன். இதைப் பார்க்காமல் புது நெட்வொர்க் ஸ்விட்ச் வாங்கி அதே கேபிளைச் சொருகுகிறார்கள். அடுத்த மழைக்கு அதுவும் போகிறது.

இனி செய்ய வேண்டியது. பிளக்கைப் பிடுங்க வேண்டும், லேன் கேபிளையும் கழற்ற வேண்டும். இருபது மெஷினையும் தினம் பிடுங்க முடியாது என்பீர்கள். சரிதான். அதற்குத்தான் லேப்பின் மொத்த இணைப்பையும் ஒரே பிளக் வழியாக எடுக்கச் சொல்கிறோம். 65 வாட் சார்ஜர் இருபது என்றால் 1,300 வாட். 230 வோல்ட்டில் 6 ஆம்பியருக்கும் குறைவு. ஒரு நல்ல 16 ஆம்பியர் பிளக்கும் சாக்கெட்டும் இதைத் தாராளமாகத் தாங்கும். டெஸ்க்டாப் லேப் என்றால் எலக்ட்ரீஷியனிடம் மொத்த லோடைக் கணக்குப் போடச் சொல்லி 32 ஆம்பியர் மெட்டல் கிளாட் பிளக் வையுங்கள். கடைசி பீரியட் முடிந்ததும் அந்த ஒரு பிளக், வெளியிலிருந்து வரும் லேன் கேபிள், ரூட்டர் அடாப்டர் மூன்றையும் எடுத்துவிட்டால் போதும். எடுத்த பிளக் சாக்கெட்டுக்குப் பக்கத்திலேயே தொங்கக் கூடாது, ஒரு மீட்டராவது தள்ளி இருக்கட்டும்.

இதை இடி கேட்பதற்கு முன்பே செய்ய வேண்டும். இடிச் சத்தம் தொடங்கிய பிறகு யாரும் பிளக்கைத் தொடப் போகாதீர்கள். "ஓடிப்போய் அந்த பிளக்கைப் பிடுங்கிட்டு வா" என்று பிள்ளைகளை அனுப்பவே கூடாது. லிட்டில் கைட்ஸ் என்ற பள்ளி ஐடி கிளப் பிள்ளைகள் ஆர்வமாக ஓடுவார்கள். தயவுசெய்து தடுத்து நிறுத்துங்கள். மெஷின் போனால் வாங்கிக்கொள்ளலாம்.

இரண்டு கட்டிடங்களுக்கு நடுவே செம்பு வேண்டாம். ஃபைபர் இழுங்கள். ஃபைபரையும் லேன் கேபிளையும் இணைக்கும் மீடியா கன்வெர்ட்டர் இரண்டு, இரண்டு கோர் சிங்கிள் மோட் கேபிள், நான்கு ஸ்ப்ளைஸ் (ஃபைபர் ஒட்டு). ஊருக்கு ஊர் எஃப்டிடிஎச் (வீட்டுக்கு ஃபைபர் நெட்) இணைப்புக் கொடுப்பவர்களே அரை நாளில் முடித்துவிடுவார்கள். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அவர்கள் வழக்கமாகக் கொண்டு வரும் டிராப் கேபிளில் இழுவைக்காக ஒரு இரும்புக் கம்பி ஓடும். அதைக் கட்டிடத்துக்குள் கொண்டுவந்தால் ஃபைபர் போட்டதன் பலன் பாதி போய்விடும். எஃப்ஆர்பி (இழை சேர்த்த பிளாஸ்டிக்) கம்பி உள்ள, உலோகமே இல்லாத கேபிள் கேளுங்கள். கிடைக்காவிட்டால் இரும்புக் கம்பியை வெளிச்சுவரிலேயே கட்டி, அங்கேயே வெட்டி நிறுத்தச் சொல்லுங்கள்.

எர்த் பற்றி. சித்தூர் தாலூகாவின் கிழக்குப் பகுதியில் பல இடங்களில் கரிசல் மண். ஈரம் இருக்கும்போது எர்த்துக்கு இதைவிட நல்ல மண் கிடையாது. சித்திரை வைகாசியில் அதே மண் வெடித்து, பைப்பைச் சுற்றி இடைவெளி விழுந்துவிடும். கோடை இடியும் அப்போதுதான் வரும். ஆகவே எர்த்தை மழைக்காலத்தில் அளந்துவிட்டு நிம்மதி அடையாதீர்கள். கோடையின் கடைசியில் அளக்க வேண்டும். ஐஎஸ் 3043 என்ற இந்திய எர்த்திங் தரவிதி சொல்லும் பைப் எர்த் என்றால் ஜிஐ பைப் 2.5 மீட்டருக்குக் குறையக் கூடாது, உள்விட்டம் 38 மில்லிமீட்டராவது வேண்டும். எர்த் டெஸ்டரில் 5 ஓம்ஸுக்குக் கீழே வரப் பாருங்கள். குழியில் கோடையில் வாரம் ஒரு முறையாவது தண்ணீர் ஊற்ற வேண்டும்.

டீச்சர்களே செய்யக்கூடிய ஒரு சோதனை உண்டு என்றாலும், பள்ளி எலக்ட்ரீஷியன் முன்னால் செய்யுங்கள். லேப் முழுக்க ஓடும்போது மல்டிமீட்டரை ஏசியில் வைத்து நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே பாருங்கள். 3 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே 230-ஐ ஒட்டி வர வேண்டும். நூற்றுச் சொச்சம் காட்டினால் அந்த சாக்கெட்டில் எர்த் இல்லை என்று சந்தேகிக்கலாம். 230 சரியாகக் காட்டிவிட்டதால் எர்த் நல்ல எர்த் என்று ஆகிவிடாது. அதைச் சொல்ல எர்த் டெஸ்டர்தான் வேண்டும்.

எலக்ட்ரீஷியன்களுக்கும் ஒரு வார்த்தை. கம்ப்யூட்டருக்கென்று தனி எர்த் அடித்து, கட்டிட எர்த்தோடு சேர்க்காமல் விடுகிறீர்கள். மின்னல் நேரத்தில் இரண்டு எர்த்துக்கும் நடுவே ஆயிரக்கணக்கான வோல்ட் வித்தியாசம் வரும். அது லேப்பில் இருக்கும் மெஷின் வழியாகத்தான் சமன் ஆகப் பார்க்கும். தனியாக அடியுங்கள், ஆனால் கட்டாயம் இணைத்துவிடுங்கள். டிபி பாக்ஸில் (கரண்டைப் பிரித்து அனுப்பும் பெட்டி) மின்னல் அதிர்ச்சியை எர்த்துக்குத் திருப்பும் டைப் 2 எஸ்பிடி வைத்தால் அதற்கான வயர் அரை மீட்டருக்குள் இருக்கட்டும். வயர் நீண்டால் எஸ்பிடி இருந்தும் பயன் குறைவு. அதன் சின்ன ஜன்னல் சிவப்பாக மாறியிருந்தால் கார்ட்ரிட்ஜ் மாற்ற வேண்டும். அதை மாதம் ஒரு முறை எட்டிப் பார்க்க ஒருவரை நியமித்துவிடுங்கள்.

மின்னலுக்கு அடுத்தபடியாக நம் தமிழ்ப் பள்ளிகளில் ஃபைல்கள் அதிகம் பறிபோவது, இயங்குதளத்தை மாற்ற ஃபார்மட் போடும்போது. உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளத்தின் 18.04 பதிப்புக்கான இலவச ஆதரவு 2023 மே மாதத்தோடு முடிந்துவிட்டது. 22.04-க்கு 2027 ஏப்ரல் வரை இருக்கிறது. கேரளப் பள்ளிகளின் ஐடி வேலைகளைப் பார்க்கும் அரசு நிறுவனமான கைட் தரும் இயங்குதளமும் இவற்றின் மேல்தான் கட்டப்பட்டது. எனவே மாற்ற வேண்டியதுதான். ஆனால் எஸ்எஸ்எல்சி ஐடி பிராக்டிகல் பிப்ரவரி வாக்கில் வரும் என்று தெரிந்தும் ஜனவரியில் இருபது மெஷினையும் ஒரே நாளில் மாற்றுவதா? ஒரு மெஷினை மாற்றுங்கள். ஒரு வாரம் பாடம் நடத்துங்கள். பிரிண்டர், புரொஜெக்டர், தமிழ் டைப்பிங் மூன்றும் ஓடுகிறதா பாருங்கள். பிறகு மற்றவை.

இன்ஸ்டால் செய்யும்போது "டிஸ்கை அழித்துவிட்டு நிறுவு" என்ற வரியை அழுத்தாதீர்கள். பார்ட்டிஷனை நாமே தேர்ந்தெடுக்கும் வழியில் போய், ஹோம் (நம் ஃபைல்கள் இருக்கும் இடம்) தனிப் பார்ட்டிஷனாக இருந்தால் அதில் ஃபார்மட் டிக் இல்லை என்று பார்த்துத் தொடருங்கள். அதற்கும் முன்னால் எல்லாவற்றையும் வெளி ஹார்ட் டிஸ்கில் நகல் எடுத்து, அந்த நகலை இன்னொரு மெஷினில் திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத நகலை பேக்கப் என்று சொல்லாதீர்கள்.

தமிழ் மீடியத்துக்கு மட்டும் உள்ள சிக்கல் ஒன்று இருக்கிறது. மலையாள மீடியத்துக்கு எழுதிய வழிமுறைகளில் இது வராது. பத்துப் பதினைந்து வருட வினாத்தாள்கள் பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் இருக்கின்றன. புது இயங்குதளத்தில் அந்த எழுத்துரு இல்லாததால் ஃபைல் திறந்தால் ஆங்கில எழுத்துகள் கண்டபடி கிடக்கும். ஃபைல் கெட்டுவிட்டது என்று நினைத்து அழித்துவிடுகிறார்கள். அழிக்காதீர்கள்! பழைய மெஷினை மாற்றும் முன் அதிலிருக்கும் எழுத்துரு ஃபைல்களை நகல் எடுங்கள். முக்கியமான வினாத்தாள்களை அங்கேயே பிடிஎஃப் ஆக்குங்கள். பிறகு நிதானமாக யூனிகோடுக்கு மாற்றுங்கள். லிப்ரே ஆபீஸில் எழுத்துருவை மாற்றியும் தமிழ் மாறவில்லை என்று வரும் புகாருக்கும் காரணம் உண்டு. தமிழ் அங்கே சிடிஎல் (காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட்) என்ற பிரிவில் வருகிறது. அந்தப் பிரிவில் எழுத்துரு கொடுத்தால்தான் மாறும். நோட்டோ சான்ஸ் தமிழ், லோஹித் தமிழ் நன்றாக இருக்கின்றன. கேரளத்தின் சுதந்திர மலையாளம் கம்ப்யூட்டிங் குழு தமிழுக்கென்றே மீரா இனிமை செய்து இலவசமாகத் தந்திருக்கிறது.

மெஷின் மந்தம் என்றால் உடனே புதிது கேட்டு எழுதாதீர்கள். 240 ஜிபி எஸ்எஸ்டி ஒன்றும் கூடுதலாக 4 ஜிபி ரேமும் போட்டால் 2018-இல் தொடங்கிய ஹைடெக் திட்டத்து லேப்டாப்கள் இன்னும் ஓடும். வாங்கும் முன் டிடிஆர்3எல்லா, டிடிஆர்4-ஆ என்று பழைய ரேமைக் கழற்றிப் பாருங்கள். ஒன்றின் பள்ளம் மற்றதில் பொருந்தாது, அழுத்தினால் ஸ்லாட் உடையும். ஆபீஸ் மெஷினில் விண்டோஸ் 10 இருந்தால் அதற்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பும், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை பிராசசரும் வேண்டும். இல்லாத மெஷினை லினக்ஸுக்கு மாற்றிவிடுங்கள்.

"எந்த சைட் திறந்தாலும் பாதுகாப்பில்லை என்கிறது" என்றால் முதலில் தேதியைப் பாருங்கள். மதர்போர்டில் இருக்கும் சிஆர் 2032 பேட்டரி தீர்ந்து வருடம் பின்னால் போயிருக்கும். நெட் கம்பெனியோடு சண்டை போட வேண்டியதில்லை.

கோடை விடுமுறையில் லேப்பை இரண்டு மாதம் பூட்டி வைக்காதீர்கள். யூபிஎஸ் பேட்டரி சார்ஜ் இல்லாமல் கிடந்தால் ஜூனில் எழுந்திருக்காது. மாதம் ஒரு முறை காலையில் வந்து சார்ஜ் போட்டு, மதியம் இரண்டு மணிக்கு முன் பிடுங்கிவிட்டுப் போங்கள். கோடை இடி பெரும்பாலும் அதற்குப் பிறகுதான். லேப்டாப்களைப் பாதிச் சார்ஜில் அணைத்து வையுங்கள். டச்பேட் மேலே எழும்பியிருந்தால் உள்ளே பேட்டரி வீங்கியிருக்கிறது. அதைச் சார்ஜ் போடாதீர்கள், குத்தாதீர்கள், பிள்ளைகள் கைக்குப் போகாமல் தனியாக எடுத்து வைத்து, மற்ற இ-வேஸ்ட்டோடு க்ளீன் கேரளா கம்பெனி எடுக்க வரும்போது ஒப்படையுங்கள்.

ரூட்டர், வைஃபை, அட்மின் பாஸ்வேர்டுகளை எஸ்ஐடிசி (பள்ளி ஐடி ஒருங்கிணைப்பாளர்) மாற்றலாகிப் போகும் முன் எழுதி, உறையில் போட்டு ஒட்டி, ஹெச்எம் அலமாரியில் வையுங்கள். உறையில் தேதி போடுங்கள். பாஸ்வேர்டு மாற்றும் ஒவ்வொரு முறையும் பழைய உறையைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதிது வையுங்கள்.