உயிலில் நிலத்தைத் தேடாதீர்கள்

கனடாவிலிருந்து ஓர் அம்மா எழுதியிருந்தார். வயது எழுபதைத் தாண்டியவர். ஸ்காட்லாந்தின் அபர்டீன்ஷயரில் தன் முன்னோர் ஒருவர் நிலக்கிழாராக இருந்தார் என்று பாட்டி சொல்லக் கேட்டு வளர்ந்தவர். 1740களில் இறந்த அந்த மனிதரின் உயில் ஆவணத்தைக் காசு கட்டி எடுத்துப் பார்த்திருக்கிறார். பன்னிரண்டு மாடுகள், களஞ்சியத்தில் இருந்த ஓட்ஸ், இரண்டு செம்புப் பாத்திரங்கள், யார் எவ்வளவு கடன் பாக்கி என்ற பட்டியல். நிலம் என்று ஒரு சாண்கூட இல்லை. "பாட்டி சொன்னது பொய்தானா?" என்று கேட்டிருந்தார். கூடவே பாட்டியின் இன்னொரு கதையையும் எழுதியிருந்தார்: அண்ணன்காரன் மொத்த நிலத்தையும் வளைத்துக்கொண்டு, தம்பியை வெறுங்கையோடு கப்பலேற்றிவிட்டானாம். இந்த அம்மா அந்தத் தம்பியின் வழி வந்தவர்.

எடின்பரோவில் பழைய சட்ட ஆவணங்களைத் தேடிப் படித்துக் கொடுப்பது என் தொழில். இந்த முதல் கேள்வி என்னிடம் அடிக்கடி வருகிறது. உயிலில் நிலம் இல்லை என்றதும் பலர் தேடலையே நிறுத்திவிடுகிறார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு கஷ்டமாக இருக்கும். காரணம், 1868 வரை ஸ்காட்லாந்துச் சட்டப்படி நிலத்தை உயில் எழுதி யாருக்கும் வைத்துவிட்டுப் போக முடியாது. 'டெஸ்டமென்ட்' என்ற ஆவணம் அசையும் சொத்துக்கு மட்டும்தான். மாடு, தானியம், பாத்திரம், ரொக்கம், வரவேண்டிய கடன் எல்லாம் அதில் வரும். ஆயிரம் ஏக்கர் வைத்திருந்தவரின் டெஸ்டமென்டிலும் நிலம் இருக்காது.

அப்படியானால் நிலம் எப்படிக் கைமாறியது? மூத்த மகனுக்கு முழுவதும் போகும். மகன் இல்லை என்றால் மகள்கள் சமமாகப் பிரித்துக்கொள்வார்கள். மூத்தவனுக்கே எல்லாம் என்ற அந்த முறை 1964இல்தான் ஒழிந்தது. வேறு ஏற்பாடு வேண்டும் என்று நினைத்த அப்பா, உயிரோடு இருக்கும்போதே பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டு, தன் ஆயுள் வரைக்கும் அனுபவிக்கும் உரிமையை மட்டும் தன்னிடம் வைத்துக்கொள்வார். அந்த மாதிரிப் பத்திரங்கள் டெஸ்டமென்ட் இருக்கும் இடத்தில் இருக்காது.

நிலக்கிழாரைத் தேடுபவர்களை நான் முதலில் அனுப்புவது வாரிசு விசாரணைப் பதிவுகளுக்கு. இவற்றை 'ரெட்டூர்' என்பார்கள். அப்பா இறந்த பிறகு மகன் அரசின் சான்சரி அலுவலகத்திலிருந்து ஓர் ஆணை வாங்க வேண்டும். உள்ளூரில் 15 பேர் கொண்ட நடுவர் குழு உட்கார்ந்து, இறந்தவர் யார், இவர் அவருக்கு என்ன உறவு, சட்டப்படி இவர்தான் வாரிசா என்று விசாரிக்கும். முடிவு சான்சரிக்குத் திரும்பிப் போகும். திரும்பிப் போவதால்தான் அந்தப் பெயர். 1847 வரை இவை பெரும்பாலும் லத்தீனில் இருக்கின்றன. பயப்பட வேண்டாம், வாசகங்கள் திரும்பத் திரும்ப ஒரே மாதிரி வருபவை. பத்துப் படித்தால் பதினோராவது தானாக ஓடிவரும். 1700க்குப் பிந்தையவற்றுக்கு ஆங்கிலத்தில் அச்சிட்ட அட்டவணையும் உண்டு.

இங்கேதான் நிறையப் பேர் தவறவிடுகிறார்கள். அப்பா இறந்த ஆண்டை ஒட்டி ஐந்தாறு ஆண்டுகள் பார்த்துவிட்டு இல்லை என்று மூடிவைத்துவிடுவார்கள். வாரிசு உடனே விசாரணைக்குப் போக வேண்டும் என்று கட்டாயம் இல்லை. செலவாகும் என்பதால், நிலத்தில் உட்கார்ந்து உழுது சாப்பிட்டுக்கொண்டே காலத்தை ஓட்டியவர்கள் உண்டு. விற்கவோ கடன் வாங்கவோ வேண்டிய நாளில்தான் காகிதம் தேவைப்படும். சில சமயம் மகன் அந்தப் பக்கமே போகாமல் இறந்து, பேரன் வந்து தாத்தாவுக்கு நேர் வாரிசாக நிற்பான். அந்தத் தாமதம் நமக்கு வரம். ஒரே தாளில் மூன்று தலைமுறை கிடைத்துவிடும். அட்டவணை வாரிசின் பெயர்ப்படிதான் அடுக்கப்பட்டிருக்கும் என்பதையும் மறந்துவிடக் கூடாது.

அடுத்தது 'சேசின்' பதிவேடு. எனக்கு மிகவும் பிடித்த ஆவணம் இதுதான். பழைய ஸ்காட்லாந்தில் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டால் மட்டும் நிலம் உங்களுடையது ஆகிவிடாது. சாட்சிகளையும் நோட்டரியையும் கூட்டிக்கொண்டு அந்த நிலத்துக்கே போக வேண்டும். மேல் உரிமையாளரின் ஆள் குனிந்து ஒரு பிடி மண்ணையும் ஒரு கல்லையும் எடுத்து, வாங்குபவர் கையிலோ அவர் சார்பில் வந்தவர் கையிலோ வைப்பார். மீன்பிடி உரிமை என்றால் வலையும் படகும் அடையாளம். அந்தச் சடங்கை நோட்டரி எழுதிவைப்பதுதான் சேசின். 1617ஆம் ஆண்டுச் சட்டப்படி அதை 60 நாளைக்குள் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். நிலத்துக்கு நேரில் போகும் கட்டாயம் 1845இல்தான் நீங்கியது. அண்ணன், மைத்துனன், பக்கத்து நிலத்துக்காரர் என்று சாட்சிகளின் பெயர்கள் வரிசையாக வரும். மனைவிக்கு அவளுடைய பிறந்த வீட்டுப் பெயரே எழுதப்பட்டிருக்கும். பெண் வழியில் தேடுபவர்களுக்கு இதைவிட நல்ல ஊற்று கிடையாது.

1781க்குப் பிந்தைய சேசின்களுக்கு அச்சிட்ட சுருக்கங்கள் இருப்பதால் ஒரு நிலத்தின் வில்லங்கத்தை வேகமாகப் பார்த்துவிடலாம். அதற்கு முந்தைய காலம் பொறுமையைக் கேட்கும். சில மாவட்டங்களுக்குத்தான் அட்டவணை உண்டு. மற்றவற்றுக்கு அன்றாடம் எழுதிய குறிப்பேட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்ட வேண்டும். நகரத்து வீடு, மனை என்றால் 1681 முதல் அந்தந்த அரச நகரம் (அரசரிடம் சாசனம் பெற்ற நகரம்) தனியாக வைத்த பதிவேட்டைப் பாருங்கள்.

படிக்கும்போது ஒரு சின்னச் சொல்லில் கண் வையுங்கள். பெயருக்கும் ஊருக்கும் நடுவில் 'ஆஃப்' இருந்தால் பெரும்பாலும் அவர் அந்த நிலத்தின் உடைமையாளர். 'இன்' இருந்தால் அங்கே குத்தகைக்கு இருப்பவர். ஒரே ஊரில், ஒரே ஆண்டில், ஒரே பெயரில் இரண்டு பேர் இருப்பார்கள், ஒருவர் 'ஆஃப்', மற்றவர் 'இன்'. இணையத்தில் சுற்றும் குடும்ப மரங்களில் இந்த இரண்டு பேரையும் ஒரே ஆளாக ஒட்டிவைத்திருப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அடுத்தவர் மரத்தை அப்படியே எடுத்து உங்கள் மரத்தில் ஒட்டாதீர்கள். அதேபோல, ஒரு சதுர அடி நிலம் வாங்கினால் நீங்களும் 'லேர்ட்', அதாவது நிலக்கிழார், என்று விற்கிறார்களே, அதற்கும் உங்கள் முன்னோருக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அப்படிப்பட்ட நினைவுப் பரிசுத் துண்டுகளை நிலப் பதிவேட்டில் ஏற்றவே மாட்டார்கள்.

தொகைகளைப் பார்த்தும் ஏமாற வேண்டாம். ஸ்காட்டிஷ் பவுண்டு 12 சேர்ந்தால்தான் ஒரு ஸ்டெர்லிங் பவுண்டு. 'மெர்க்' என்பது ஸ்காட்டிஷ் பவுண்டில் மூன்றில் இரண்டு பங்கு. 'வாட்செட்' என்ற சொல்லைப் பார்த்து விற்பனை என்று நினைத்துவிடுவார்கள். அது நம் ஊர் ஒத்தி மாதிரி. கடன் கொடுத்தவர் பணம் திரும்பும் வரை நிலத்தை அனுபவிப்பார்.

இலங்கையில் தோட்டத்துரையாக இருந்த ஸ்காட்லாந்துக்காரர்களின் வழித்தோன்றல்களும் எனக்கு எழுதுவதுண்டு. 1820களுக்கு முன்பு வெளிநாட்டில் இறந்த ஸ்காட்லாந்துக்காரரின் டெஸ்டமென்ட் பெரும்பாலும் எடின்பரோவின் கமிஷரி நீதிமன்றத்தில்தான் பதிவாகியிருக்கும். அதற்குப் பிறகு எடின்பரோ ஷெரிஃப் நீதிமன்றத்தைப் பாருங்கள். திருமணத்துக்கு வெளியே பிறந்த பிள்ளைகளுக்கு அன்று அப்பாவின் நிலத்தில் உரிமை இல்லை. அவர்களை வாரிசு விசாரணையில் தேடிக் களைத்துப்போகாதீர்கள்.

சரி, அந்த அம்மாவின் கதைக்கு வருகிறேன். வாரிசு அட்டவணையில் 1740களைச் சுற்றி எதுவும் கிடைக்கவில்லை. தொடர்ந்து இறங்கினேன். 31 ஆண்டு கழித்து, அதே குடும்பப் பெயரில் ஒருவர் தன் தாத்தாவுக்கு வாரிசாக நின்றிருந்தார். தாத்தாவின் பெயருக்குப் பின்னால் 'ஆஃப்', அதன் பின்னால் பாட்டி சொன்ன அதே ஊர். பாட்டி பொய் சொல்லவில்லை.

அப்புறம் அந்த அண்ணன் தம்பி கதை. சட்டம் தெரிந்த பிறகு அந்த டெஸ்டமென்டை இன்னொரு முறை படிக்கச் சொன்னேன். நிலத்தை எடுத்துக்கொள்ளும் மூத்த மகனுக்கு, அந்த நிலத்தையும் பொதுவில் போட்டுப் பங்கிட ஒப்புக்கொண்டால் தவிர, அசையும் சொத்தில் பங்கு கிடையாது. மாடும் ஓட்ஸும் செம்புப் பாத்திரமும் விதவைக்கும் மற்ற பிள்ளைகளுக்கும் உரியவை. நிலம் இல்லையே என்று எந்தப் பட்டியலைப் பார்த்து அந்த அம்மா கவலைப்பட்டாரோ, அந்தப் பட்டியலே தம்பிக்கும் பங்கு இருந்த சொத்துதான்.

அதோடு நிற்கவில்லை. ஸ்காட்லாந்தின் உயர் சிவில் நீதிமன்றமான செஷன் நீதிமன்றத்தின் பத்திரப் பதிவேட்டில், 1554 முதல் தொடர்ந்து வரும் தொகுதி அது, அப்பா தன் இளைய மகனுக்கு 1,200 மெர்க் எழுதிவைத்த கடன் முறி கிடைத்தது. ஸ்டெர்லிங்கில் 66 பவுண்டுக்குச் சற்று மேலே. அதற்குப் பல ஆண்டுகள் தள்ளி, அந்தத் தொகை முழுவதும் அண்ணனிடமிருந்து வந்து சேர்ந்தது என்று தம்பி எழுதிக் கொடுத்த ரசீதும் இருந்தது. அந்தப் பதிவேட்டில் ஏற்றிய பத்திரங்களின் மூலத்தையும் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். பெட்டியை வரவழைத்து மடிப்பைப் பிரித்தேன். அடியில் தம்பியின் கையெழுத்து, கடைசி எழுத்தின் வால் சற்று நீளமாக இழுத்திருந்தது.

படம் எடுத்து அனுப்பினேன். மறுநாள் அந்த அம்மா பதில் எழுதினார். தன் அப்பாவும் அந்த எழுத்தை அப்படித்தான் இழுத்துப் போடுவாராம்.