கரஸ்பாண்டென்ஸ் அனாலிசிஸ்: தமிழில் என்ன சொல்வது?

ஓர் ஆய்வேட்டின் வரைவைத் திருத்திக்கொண்டிருந்தேன். ‘கடிதத் தொடர்புப் பகுப்பாய்வு செய்யப்பட்டது’ என்று ஒரு வரி. யார் யாருக்கு எழுதிய கடிதம் என்று தேடிப் பார்த்தால், அது கரஸ்பாண்டென்ஸ் அனாலிசிஸ் என்ற புள்ளியியல் முறை! சிரிப்பு வந்தாலும் எழுதியவரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. நமக்கு அந்தச் சொல் பழகியதே அஞ்சல் வழியாகத்தான். கரஸ்பாண்டென்ஸ் கோர்ஸ் என்றால் அஞ்சல்வழிக் கல்வி. பத்திரிகை கரஸ்பாண்டென்ட் என்றால் நிருபர். நிருபம் என்றாலே கடிதம்.

சொல்லின் வேர் இலத்தீன். ‘ரெஸ்பாண்டேரே’ என்றால் பதில் சொல்வது. முன்னால் நிற்கும் ‘கொம்’ என்றால் சேர்ந்து. ஒன்றுக்கு மற்றொன்று பதில் சொல்வதுபோலப் பொருந்தி நிற்பதுதான் மூலப் பொருள். கடிதம் பிறகு வந்து ஒட்டிக்கொண்டது. புள்ளியியலுக்கு இந்தப் பெயரைத் தந்தவர்கள் பிரெஞ்சுக்காரர்கள். 1960களில் ழான்-பால் பென்சேக்ரி மொழித் தரவுகளை அலச இந்த முறையை வளர்த்தார். அடிப்படைக் கணக்கு 1935-லேயே ஹிர்ஷ்ஃபெல்ட் என்ற புள்ளியியலாளரின் கட்டுரையில் வந்துவிட்டது. பாரிஸ் மெட்ரோவில் இதே சொல் வேறு தடத்துக்கு மாறும் இடத்தைக் குறிக்கும். இரண்டு தடங்கள் சந்திக்கிற இடம்! கடிதத்தைவிட இது நம் பொருளுக்கு எவ்வளவோ பக்கம்.

சரி, இந்த முறை என்ன செய்கிறது? புள்ளியியலாளர் ஃபிஷர் 1940-இல் எடுத்தாண்ட ஸ்காட்லாந்தின் கெய்த்னஸ் பள்ளிப் பிள்ளைகளின் அட்டவணையைப் பார்ப்போம். மொத்தம் 5,387 பேர். நிரைகளில் (கிடைவரிசைகளில்) கண்ணின் நிறம் நான்கு வகை, நிரல்களில் (செங்குத்து வரிசைகளில்) முடியின் நிறம் ஐந்து வகை. கருங்கண் பிள்ளைகள் 1,315. கன்னங்கரிய முடி 118. கண்ணுக்கும் முடிக்கும் சம்பந்தமே இல்லையென்றால் இரண்டும் சேர்ந்தவர்கள் ஏறக்குறைய 29 பேர்தான் இருக்கவேண்டும். இருப்பதோ 85! நீலக் கண்ணோடு அதே முடி 16 பேருக்காவது இருக்கலாம், இருப்பது 3. இப்படி எந்த நிரை எந்த நிரலோடு எதிர்பார்த்ததைவிடக் கூடுதலாகச் சேர்கிறது, எதனோடு விலகுகிறது என்பதை மொத்தமாகக் கணக்கிட்டு ஒரு படமாக வரைந்து தருவதுதான் வேலை.

இதற்குத் ‘தொடர்புப் பகுப்பாய்வு’ போதாது. புள்ளியியலின் மற்ற முறைகளான கோரிலேஷனும் தொடர்புதான், ரிக்ரெஷனும் தொடர்புதான். ‘ஒப்புமை’ என்றால் சாயலைத் தேடுவதுபோல் ஆகிவிடும். கருங்கண்ணும் கருமுடியும் சாயலால் சேரவில்லை, ஒரே ஆட்களிடம் சேர்ந்து வருவதால் சேர்கின்றன. பள்ளிக் கணிதத்தில் ‘ஒத்த கோணங்கள்’ படித்திருக்கிறோம். ஆங்கிலத்தில் அங்கேயும் இதே கரஸ்பாண்ட்தான். பேச்சிலும் ‘அவங்க ரெண்டு பேருக்கும் ஒத்துப்போகும்’ என்கிறோம். ஒத்து அமைவது ஒத்தமைவு. ஆகவே என் தேர்வு ஒத்தமைவுப் பகுப்பாய்வு. கொஞ்சம் புதுசாக ஒலிக்கும், பழகிவிடும்.

கூடவே வரும் ‘இனர்ஷியா’வுக்குப் புதுச் சொல் வேண்டாம். இயற்பியலிலிருந்து கடன் வாங்கியது என்பதால் நிலைமம் என்றே எழுதலாம். எதிர்பார்த்ததிலிருந்து இருப்பது எவ்வளவு விலகுகிறது என்று அளக்கும் கை-வர்க்க மதிப்பை மொத்த ஆட்களின் எண்ணிக்கையால் வகுத்தால் கிடைப்பது மொத்த நிலைமம். மேலே சொன்ன அட்டவணையில் அது 0.23, அதில் 86.6 விழுக்காட்டைப் படத்தின் முதல் அச்சே அள்ளிக்கொள்கிறது. வெளிர் நிறத்திலிருந்து கருமை வரை ஒரே கோடு, அவ்வளவுதான் கதை.

புள்ளியியல் கணக்குக்கான ஆர் மென்பொருளில் இந்த அட்டவணை ‘கெய்த்’ என்ற பெயரில் மாஸ் தொகுப்போடு வருகிறது. கணக்குக்கு ‘சிஏ’ தொகுப்பு இருக்கிறது. அதன் சுருக்க அட்டவணையில் பல எண்கள் ஆயிரத்தால் பெருக்கப்பட்டு நிற்கும். 244 என்பதை 0.244 என்று படிக்கவேண்டும். இன்னொன்று, நான் பட்டது. நிறங்களுக்கு 1, 2, 3 என்று குறியிட்ட மூலத் தரவை, எந்தச் சேர்க்கையில் எத்தனை பேர் என்று எண்ணிக் குறுக்கு அட்டவணையாக்காமல் அப்படியே கொடுத்துவிட்டேன். மென்பொருள் குறிகளை ஆட்களின் எண்ணிக்கை என்று எடுத்துக்கொண்டு, முணுமுணுக்காமல் அழகான படம் போட்டுக் கொடுத்தது. அரை நாள் அதற்கு விளக்கம் எழுதிக்கொண்டிருந்தேன்.

அப்புறம் படத்தைப் படிக்கும்போது: வழக்கமான படத்தில் நிரைப் புள்ளிக்கும் நிரல் புள்ளிக்கும் இடையே அளவுகோல் வைக்காதீர்கள், அந்தத் தூரத்துக்கு நேரடிப் பொருள் கிடையாது. மையத்திலிருந்து இரண்டும் ஒரே திசையில் விலகி நின்றால், அவை ஒத்தமைகின்றன.